உணர்ச்சிப் பயிற்சியும் சமூக வாழ்நிலையும்: எத்தாளைக் கரையை முன்வைத்துச் சில சிந்தனைகள்

1. தோற்றுவாய்

வளர்ந்தோர் கல்வி என்றதும் எழுத்தறிவு, தொழிற்பயிற்சி, சுகாதார அறிவு என்பனவே நமது நினைவுக்கு வருகின்றன. கோபத்தை இனங்காணுதல், துயரத்தைச் சொல்லுதல், அச்சத்தைப் பகுத்தறிதல், பிறரது மனநிலையை உணர்தல் ஆகியவற்றையும் வளர்ந்த ஒருவர் பயின்று பெறலாம் என்னுங் கருத்துத் தமிழ் அறிவுலகில் இன்னும் உரிய கவனத்தைப் பெறவில்லை. உணர்ச்சி பிறவியோடு வருவது, வளர்ந்தபின் மாறாதது என்ற பொதுவான எண்ணம் ஒருபுறம். உணர்ச்சி தனிமனித அகத்தைச் சார்ந்தது, சமூக மாற்றத்தை வேண்டிநிற்போர் அதிற் காலத்தைச் செலவிடுதல் வீண் என்ற இடதுசாரி எண்ணம் மறுபுறம். இவ்விரண்டும் தவறானவை என்பதே எமது துணிபு.

'உணர்ச்சித் திறன்' என்பதற்கு நாம் கொள்ளும் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். தன்னிடத்துத் தோன்றும் உணர்ச்சியை உடற்குறிகளிலிருந்து அறிதல், அதற்குப் பெயரிடுதல், அது எதனால் வந்தது என ஆராய்தல், அதனை வெளியிடும் வழியைத் தெரிந்தெடுத்தல், பிறரிடத்து அது தோன்றுமிடத்துக் கண்டுகொள்ளுதல் ஆகிய ஐந்தும் இதனுள் அடங்கும். உணர்ச்சியை அடக்குதல் இதனுள் அடங்காது. நமது சமூகத்தில் ஏழைகளுக்கும் பெண்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பொறுமை போதிக்கப்பட்டே வந்துள்ளது. அதற்குப் புதியதொரு பயிற்சி தேவையில்லை.

மேற்கூறிய ஐந்தனுள் மூன்றாவதாகிய காரண ஆராய்ச்சியே ஏனையவற்றுக்கு உயிர்நாடி என்பதும், அதனை நீக்கிவிட்டு நடத்தப்படும் பயிற்சி பழைய பொறுமைப் பாடமாகவே முடியும் என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்துக்கள். பொதுப்படப் பேசுவதைத் தவிர்க்கும்பொருட்டு ஒரு குறிப்பிட்ட கரையையும் அதன் மக்களையும் முன்வைத்து இதனை விளக்க முயல்கிறோம்.

2. கரையும் மக்களும்

எத்தாளை, புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள ஊர். மேற்கே இந்து சமுத்திரத்துக்கும் கிழக்கே புத்தளம் களப்புக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்றரையே இக்குடாநாடு. கடற்றொழில், கருவாடு, நிலத்தடி நீரை இறைத்து மணலிற் செய்யப்படும் வெங்காய, மிளகாய், மரக்கறிச் செய்கை ஆகியன இங்கு வாழ்வோரின் பிரதான சீவனோபாயங்கள். முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் ஏனையோரும், தமிழும் சிங்களமும் பேசுவோராய், அயலயலே வாழும் பிரதேசம் இது. தலவில் புனித அன்னம்மாள் திருத்தலம் இதே கரையில் உள்ளது. நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையமும் இக்குடாநாட்டிலேயே அமைந்துள்ளது. அதன் முதலாவது அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாற் கொள்ளளவுடையவை.

இக்கரையின் வாழ்க்கை காற்றோடு பிணைந்தது. சோழகக் காலத்திற் கடல் கொந்தளிக்கும், தொழில் குறையும், மீனவர் சிலர் கிழக்குக் கரைக்கு வாடி அமைக்கச் செல்வர், ஏனையோர் கடனில் வாழ்வர். இயற்கை விதிக்கும் இந்நெருக்கடியோடு சந்தையும் அரசும் விதிப்பவை வந்து சேர்கின்றன. 2022 ஆகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மண்ணெண்ணெயில் இயங்கும் சிறுபடகை நம்பியிருந்த குடும்பத்தில் அன்றிரவு எழுந்த கோபம் எங்கே போயிருக்கும்? விலையை விதித்தவர்கள் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். உணர்ச்சித் திறன் பற்றிய வினா ஏழைகளின் வாழ்க்கையில் எழும் இடம் இதுவே.

இக்குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றில் இன்னொரு நிகழ்ச்சி மிகப் பாரதூரமானது. 1990 ஒக்ரோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை அவர்தம் ஊர்களிலிருந்து வெளியேற்றினர். 70,000க்கும் மேற்பட்டோர் சில இடங்களிற் சில நாள் அவகாசத்திலும், யாழ்ப்பாண நகரிற் சில மணிநேர அவகாசத்திலும் வீடு, நிலம், தொழில், சேமிப்பு யாவற்றையும் விட்டகன்றனர். மன்னார்த் தீவு முஸ்லிம்கள் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். வெளியேற்றப்பட்டோரிற் பெரும்பான்மையோர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினர். ஓலைக் கொட்டில்களிற் சில மாதங்கள் எனத் தொடங்கிய வாழ்க்கை இரு தசாப்தங்களுக்கும் மேலாக நீடித்தது. கடை வைத்திருந்தோரும் வயல் வைத்திருந்தோரும் பிறருடைய தோட்டங்களில் நாட்கூலிகளாயினர். இடம்கொடுத்த உள்ளூர் மக்களும் வறியவர்களே. கூலி, நீர், பாடசாலை, அரச உதவி ஆகியவற்றை முன்னிட்டு இருசாராருக்கும் இடையே உரசல்கள் தோன்றின. 2009இல் யுத்தம் முடிந்தபின் அரச, நிவாரண அறிக்கைகளில் இவர்கள் 'பழைய இடம்பெயர்ந்தோர்' என்ற பெயரைப் பெற்றனர். துயரத்துக்கும் பழையது, புதியது என முத்திரை குத்தப்பட்டது.

3. மெய்யிற் படுவது

இவ்வாறு புத்தளம் மாவட்டத்தில் வாழ்ந்த இடம்பெயர்ந்த முஸ்லிம்களின் உளநலம் பற்றிச் செஸ்மல் சிறிவர்தனவும் பிற ஆய்வாளரும் மேற்கொண்ட ஆய்வொன்று 2013இல் வெளியாயிற்று. 18 முதல் 65 வயதுவரையான 450 பேர் அதில் நேர்காணப்பட்டனர். அவர்களுள் 18.8 சதவீதத்தினர் பொதுவான உளப் பாதிப்பு ஏதேனும் ஒன்றினை உடையோராய்க் காணப்பட்டனர். யுத்தம் பற்றிய எழுத்துக்களில் அதிகம் பேசப்படும் நெருக்கீட்டின் பின்னரான மனவடு நோய் 2.4 சதவீதத்தினரிடமே காணப்பட்டது. மிகுதியாகக் காணப்பட்டதோ உடல் நோவாக வெளிப்படும் உளத்துன்பம், அது 14.0 சதவீதம். வேலையின்மை, கைம்மை அல்லது மணமுறிவு, உணவுப் பற்றாக்குறை ஆகிய மூன்றோடும் இப்பாதிப்புக்கள் தொடர்புற்றிருந்தன என்பது அவ்வாய்வின் இன்னொரு முடிபு.

இவ்வெண்கள் நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, துன்பம் இம்மக்களிடத்து உடம்பினூடாகப் பேசுகிறது. தலையிடி, நெஞ்சடைப்பு, கைகால் உளைவு, நித்திரையின்மை என்றே அது வைத்தியசாலைக்குச் செல்கிறது. இரண்டு பனடோலுடன் திரும்பி வருகிறது. இரண்டாவது, அத்துன்பம் கடந்த காலத்துப் பயங்கர நிகழ்ச்சியோடு மட்டும் கட்டுண்டதன்று. இன்றைய வேலை, இன்றைய துணை, இன்றைய உணவு ஆகியவற்றில் அது வேர்கொண்டுள்ளது.

தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு இவ்விரு உண்மைகளும் முற்றிலும் புதியன அல்ல. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் உணர்ச்சிக்கு வழங்கும் பெயரே 'மெய்ப்பாடு' என்பது. உள்ளத்து நிகழ்வது மெய்யிற் பட்டுப் பிறர்க்குப் புலப்படுவது என்னுங் கருத்து அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். உணர்ச்சியை மனத்துள் தானே ஊறும் ஒன்றாக அவர் காட்டவில்லை. புறத்தே அதற்கொரு களம் உண்டு எனக் காட்டுகிறார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அழுகைக்கு அவர் கூறும் களன்களை நோக்குக. பிறரால் இகழப்படுதல், இழத்தல், அசைவு, வறுமை என்பன அவை. அசைவு என்பதற்கு முன்னிருந்த நிலை குலைந்து வேறொரு நிலைப்பட்டு வருந்துதல் எனப் பேராசிரியர் உரை பொருள் கொள்கிறது. 1990இல் வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பத்தின் வரலாற்றை இந்நான்கு சொற்களிற் கூறிவிடலாம். வெகுளிக்கு உரிய களன்களாக உறுப்புச் சிதைத்தல், குடியையுஞ் சுற்றத்தையும் கேட்டுக்குள்ளாக்குதல், அலைத்தல், கொலை என்பன கூறப்படுகின்றன. அச்சத்தின் களன்களுள் ஒருவர் தம்மை ஆள்வோனும் இடம்பெறுகிறான். ஆட்சி அதிகாரம் உணர்ச்சியைத் தோற்றுவிக்கும் களன்களுள் ஒன்று என்பதை நமது பழைய இலக்கணகாரர் அறிந்திருந்தனர்.

இதனைக்கொண்டு தொல்காப்பியரைப் பொருள்முதல்வாதி எனக் கூறுவது நமது நோக்கமன்று. உவகைக்குரிய களன்களுள் செல்வத்தைச் சேர்க்கும் அப்பட்டியல் தான் தோன்றிய சமூகத்தின் வர்க்க எல்லைகளை உடையது. உழைப்பாளியின் உணர்ச்சி அங்குத் தனியே ஆராயப்படவுமில்லை. ஆயினும் உணர்ச்சியை அதன் உடற்குறியோடும் புறக்காரணத்தோடும் சேர்த்துப் பார்க்கும் நெறி நமது மரபிலேயே உண்டு. உளவியல் என்ற பெயரில் உணர்ச்சியைக் காரணத்திலிருந்து பிரித்து விற்பனைக்கு வைக்கும் இன்றைய வழக்கத்தோடு ஒப்பிடுகையில் அந்நெறி முற்போக்கானது.

4. பயிற்சி பயன் தருமா?

வளர்ந்தோர் இத்திறன்களைப் பயின்று பெறமுடியுமா என்பது அடுத்த வினா. முடியும் என்பதற்குப் போதிய சான்றுகள் உள்ளன. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளியான இரு தொகுப்பாய்வுகள், வளர்ந்தோர்க்கு அளிக்கப்பட்ட உணர்ச்சித் திறன் பயிற்சிகள் பலவற்றைச் சேர்த்து நோக்கி, நடுத்தர அளவான முன்னேற்றம் அவற்றால் ஏற்படுகின்றது என முடிபு செய்தன. உணர்ச்சிக்குச் சொல் கண்டுபிடித்தலே அதன் வேகத்தைத் தணிக்க உதவுகிறது என்பதை 2007இல் வெளியான மூளைப் படிம ஆய்வொன்று காட்டியது. முகங்களிற் கண்ட உணர்ச்சிக்குப் பெயரிட்டபோது, அச்ச உணர்வோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் எழுச்சி குறைந்தது.

இவை வசதிபடைத்த நாடுகளின் ஆய்வுகள் எனச் சிலர் கூறலாம். வறுமையும் வன்முறையும் மிக்க சூழலிலிருந்தும் சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஐந்து அமர்வுப் பயிற்சி முறையொன்று பாகிஸ்தானின் பெஷாவரில் வளர்ந்தோர் 346 பேரைக்கொண்டு பரிசோதிக்கப்பட்டு, 2016இல் அதன் முடிபுகள் வெளியாயின. பயிற்சியளித்தோர் உளவைத்தியர் அல்லர். குறுகிய காலம் பயிற்றப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளரே. மூச்சை ஒழுங்குபடுத்தி நெருக்கீட்டைத் தணித்தல், பிரச்சினைகளைத் தீர்க்கத்தக்கவை, தீர்க்கமுடியாதவை எனப் பிரித்தல், சோர்வை மீறிச் செயலிற் சிறுகச் சிறுக இறங்குதல், பிறரது துணையைத் தேடிப் பலப்படுத்துதல் ஆகிய நான்கும் கற்பிக்கப்பட்டன. மூன்று மாதங்களின் பின்னரும், பயிற்சி பெறாதோருடன் ஒப்பிடுகையில் இவர்களிடம் பதகளிப்பும் மனச்சோர்வும் குறைந்து காணப்பட்டன.

சிம்பாப்வேயின் ஹராரே நகரில் 573 பேரைக்கொண்டு நடத்தப்பட்டு அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு நமக்கு மேலும் நெருக்கமானது. அங்குச் சிகிச்சை நிலைய வளவினுள் ஒரு மரவாங்கு இடப்பட்டது. ஊரறிந்த மூதாட்டியர் அதில் அமர்ந்து வருவோரின் துன்பத்தைக் கேட்டனர். பிரச்சினையை எவ்வாறு கூறுபடுத்தித் தீர்ப்பது எனக் கற்பித்தனர். நோயின் பெயரும் மருத்துவ நூலிலிருந்து வரவில்லை. 'அளவுகடந்து யோசித்தல்' எனப் பொருள்படும் ஷோனா மொழிச் சொல்லே வழங்கப்பட்டது. ஆறு மாதங்களின் பின் இவர்களிடத்து மனச்சோர்வின் குறிகள் பெரிதுங் குறைந்திருந்தன. மக்களின் சொல்லும் மக்களிடையேயிருந்து வந்த ஆசிரியரும் அப்பயிற்சியின் இரு தூண்களாக அமைந்தன எனலாம்.

ஈழத்துத் தமிழ்ச் சூழலிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் உளவைத்தியர் தயா சோமசுந்தரம், சா. சிவயோகன் ஆகியோர், அகதிகளின் உளநலம் பற்றிய சர்வதேசக் கைந்நூலொன்றை உள்ளூர்ப் பண்பாட்டுக்கு இயைய மாற்றியமைத்துத் தமிழில் நூலாக்கினர். ஆசிரியரும் சமூகப் பணியாளரும் அதனைக்கொண்டு பயிற்றப்பட்டனர். இதற்கும் முன்னர், 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மேடையேறிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்', மக்கள் தமது அச்சத்தையும் ஆவேசத்தையும் கூட்டாகக் கண்டுணர்வதற்கு அரங்கு எவ்வாறு பயன்படும் என்பதை உணர்த்தியது. புத்தளத்தில் சமூக நம்பிக்கை நிதியம் என்னும் அமைப்பின்மூலம் இடம்பெயர்ந்த பெண்களிடையே பணியாற்றிய ஜன்சிலா மஜீத் தாமும் 1990இல் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டவரே. 2010இல் அவர் சர்வதேச வீரப் பெண்மணிகள் விருதைப் பெற்றார்.

இச்சான்றுகளின் கோட்பாட்டு அடிப்படையைச் சோவியத் உளவியலாளர் வைகொற்ஸ்கியிடம் காணலாம். மனிதனின் உயர் உளச்செயற்பாடுகள் முதலில் மனிதருக்கிடையே தோன்றிப் பின்னரே தனிமனிதனுட் குடிகொள்கின்றன என்பது அவர் கூற்றின் சாரம். உணர்ச்சியை ஆளும் திறனும் இவ்வாறானதே. புத்தளம் மாவட்டத்து உடப்பில் மீனவர் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடலை இதற்கு எடுத்துக்காட்டலாம். களைப்பும் சலிப்பும் ஒவ்வொருவருக்கும் உரியன. அவற்றை வென்று மூச்சையுங் கையையும் ஒன்றுபடுத்தும் தாளம் கூட்டத்துக்கு உரியது. கவிதையின் தோற்றத்தைக் கூட்டு உழைப்பின் தாளத்தோடு இணைத்து விளக்கிய ஜோர்ஜ் தொம்சனின் கருத்துக்களைக் கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் வழியாக அறிந்துள்ள நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

5. பயிற்சி யாருக்காக?

இவ்விடத்து எழக்கூடிய நியாயமான ஐயம் ஒன்றினை எதிர்கொள்ளல் அவசியம். இன்று உணர்ச்சித் திறன் பயிற்சியைப் பெரிதும் ஆதரிப்போர் தொழில் நிறுவனங்களே. 1990இல் இரு உளவியலாளர் ஆய்வுக் கருத்தாக முன்வைத்த 'உணர்ச்சி நுண்ணறிவு', 1995இல் வெளியான டானியல் கோல்மனின் நூலுக்குப் பின் முகாமைத்துவப் பாடமாக மாறிற்று. மேலே நாம் சான்று காட்டிய தொகுப்பாய்வுகளுள் ஒன்றுகூட மனிதவள முகாமைத்துவம் பற்றிய ஆய்விதழிலேயே வெளியாயிற்று. தொழிலாளியின் சினத்தை ஆராயாமல் அதனை வெளிக்காட்டாதிருக்கும் திறமையை மட்டும் வளர்ப்பது முதலாளிக்கு இலாபகரமானது.

ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவுபடுத்தியது. விமானப் பணிப்பெண்களின் புன்னகை அவர்தம் உழைப்பின் ஒரு பகுதியாகப் பயிற்றப்பட்டு விற்கப்படுவதை அவர் காட்டினார். தன் உணர்ச்சியை நிறுவனத்தின் தேவைக்கேற்ப ஓயாது திருத்திக்கொள்ளும் உழைப்பாளி, நாளடைவில் தான் உண்மையில் உணர்வது எது என்பதையே அறியாதவராகிறார். உழைப்பின் அந்நியமாதல் பற்றி மார்க்ஸ் கூறியது இங்கு உணர்ச்சிக்கும் பொருந்துகிறது.

விமானத்தில் மட்டுமன்றிப் புத்தளம் கரையிலும் இத்தகைய உழைப்பு உண்டு. இம்மாவட்டத்துப் பெண்கள் பலர் வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்குச் சென்றுள்ளனர். வேலைவாய்ப்புப் பணியகம் அளிக்கும் பயிற்சி துப்புரவு, சமையல், மின்சாதனங்கள், மொழி ஆகியவற்றோடு தொடர்புடையது. ஆயின் எசமானர் வீட்டில் அவர்களிடமிருந்து பெறப்படுவது துப்புரவு மட்டுமா? தன் பிள்ளையை ஊரில் விட்டுவந்தவள் பிறர் பிள்ளையைக் கொஞ்சவேண்டும். அவமதிப்பைக் கேட்டும் முகம் வாடாதிருக்கவேண்டும். கூலிப் பட்டியலில் இடம்பெறாத உழைப்பு இது. அவள் திரும்பி வரும்போது வீடு கட்டும் பணத்தோடு, பெயரிடப்படாத துயரத்தையும் கொண்டுவருகிறாள்.

எனவே பயிற்சி வேண்டுமா, வேண்டாமா என்பதிலும் பார்க்க, யாருடைய தேவைக்கான பயிற்சி என்பதே முக்கியமான வினா. உணர்ச்சியின் காரணத்தைக் கேட்கத் தடைசெய்யும் பயிற்சி ஆள்வோருக்கு உரியது. காரணத்தைக் கேட்கத் தூண்டும் பயிற்சி மக்களுக்கு உரியது.

6. பயிற்சியின் வடிவமும் நன்மைகளும்

மக்களுக்குரிய பயிற்சி எவ்வாறு அமையலாம்? பிறேசிலின் பாவுலோ பிரெய்ரே நமக்கு வழிகாட்டுகிறார். 1963இல் அங்கிக்கோஸ் என்னும் இடத்தில் ஏறத்தாழ 300 உழைப்பாளருக்கு 40 மணிநேர வகுப்புகளில் எழுத்தறிவு புகட்டும் முயற்சி அவரது முறைப்படி நடைபெற்றது. அவர்தம் வாழ்க்கையிலிருந்தே சொற்களைத் தெரிந்தெடுத்து, அச்சொல் சுட்டும் நிலைமையைக் கலந்துரையாடி, அதன்பின் அதனை எழுதக் கற்பித்தலே அம்முறை. 1964இல் ஏற்பட்ட இராணுவச் சதிப்புரட்சி இம்முயற்சிகளை நிறுத்தியது. சொல்லைக் கற்றவன் உலகையும் வாசிக்கத் தொடங்குவான் என்பதை ஆட்சியாளர் விளங்கிக்கொண்டமையே இதற்குக் காரணம்.

இதே முறையை உணர்ச்சிக்கும் கையாளலாம். எத்தாளை போன்றதோர் ஊரில் சோழகக் காலத்தில், மீனவர் கூட்டுறவுச் சங்க மண்டபத்திலோ பாடசாலையிலோ பத்துப் பன்னிரண்டு பேர் வாரம் ஒருமுறை கூடுகின்றனர் எனக் கொள்வோம். நடத்துபவர் அவ்வூரவர். ஒரு பெண், மாலையானால் நெஞ்சு பிடிக்கிறது என்கிறாள். எப்பொழுது, என்ன நடந்தபின் என ஏனையோர் கேட்கின்றனர். கடன் தவணை அறவிடுபவர் வரும் நாளுக்கு முதல்நாள் மாலை என்பது மெல்ல வெளிவருகிறது. நெஞ்சுப் பிடிப்புக்கு 'பயம்' என்ற பெயர் கிடைக்கிறது. பயத்துக்குக் 'கடன்' என்ற களம் கிடைக்கிறது. தனக்கும் அவ்வாறே என இன்னும் மூவர் சொல்கின்றனர். அதுவரை நால்வரின் நான்கு நோய்களாக இருந்தவை நால்வரின் ஒரு பிரச்சினையாகின்றன. மூச்சை ஆற்றிக்கொள்ளும் வழி அன்றிரவுக்கு உதவும். நால்வரும் கூடித் தவணையைப் பற்றிப் பேசச் செல்வது அடுத்த மாதத்துக்கு உதவும். இரண்டும் வேண்டும்.

இத்தகைய பயிற்சியின் நன்மைகளைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

முதலாவது நன்மை இல்லத்துக்கு உரியது. மண்ணெண்ணெய் விலையால் எழுந்த சினம் மனைவியின்மீது அடியாக விழுவதற்கு முன், அது எதன் சினம் எனக் கணவன் ஒரு கணம் நின்று கேட்கக்கூடுமாயின் அவ்வீட்டின் வரலாறு மாறும். வறுமை ஆணின் வன்முறையை விளக்கலாம், அதனை நியாயப்படுத்தாது. பயிற்சி பெண்களுக்கே உரியது எனக் கருதி ஆண்களை அதிலிருந்து விலக்கும் வழக்கம் கைவிடப்படல் வேண்டும்.

இரண்டாவது, உடல்நலத்துக்கு உரியது. உளைவின் பின்னாலுள்ள துயரத்தைத் தானே இனங்காணக்கூடியவர் வைத்தியரிடம் அதனைச் சொல்லவும் முடியும். உண்மையான உடல்நோயை உளத்துன்பத்திலிருந்து பிரித்தறியவும் அது உதவும்.

மூன்றாவது, சமூக உறவுகளுக்கு உரியது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தினக் குண்டுவெடிப்புகளிற் கத்தோலிக்கர் பலர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இரு சமூகங்களும் அயலயலே வாழும் கரையில் அச்சமும் துக்கமும் வெறுப்பாக மாற்றப்படுவது எளிது. தன் அச்சத்தை அச்சமென அறிந்தவரைத் தூண்டிவிடுதல் கடினம். பிறர் முகத்தில் அதே அச்சத்தைக் கண்டுகொள்ளப் பயின்றவரைத் தூண்டிவிடுதல் மேலும் கடினம்.

நான்காவது, இயக்கத்துக்கு உரியது. கொழும்பின் குப்பையைப் புத்தளம் மாவட்டத்து அறுவைக்காட்டுக்குக் கொண்டுவருந் திட்டத்தை எதிர்த்துப் புத்தளம் மக்கள் 2018, 2019ஆம் ஆண்டுகளிற் போராடினர். அங்கு வெகுளி அழிக்கப்படவில்லை, ஒழுங்கமைக்கப்பட்டது. களனை அறிந்த வெகுளியே நீண்டகாலம் நிலைக்கும். களன் அறியாத வெகுளி ஓரிரவில் எரிந்து, மறுநாள் விரக்தியாகும்.

7. எல்லைகளும் நமது பொறுப்பும்

பயிற்சியின் எல்லைகளையும் நேர்மையுடன் கூறவேண்டும். இலங்கையிற் தற்கொலை வீதம் 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தை அடைந்து, பின் வெகுவாகக் குறைந்தது. 1974இல் தோன்றிய சுமித்ரயோ போன்ற அமைப்புகள் துயருற்றோர்க்குச் செவிகொடுத்து அரும்பணி ஆற்றியுள்ளன. ஆயினும் அவ்வீழ்ச்சிக்குப் பெருங்காரணம், 1995 முதலாகக் கடும் நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையே என ஆய்வாளர் காட்டியுள்ளனர். தோட்டச் செய்கை மிக்க கரைகளில் நச்சுப் போத்தல் எப்பொழுதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்துவந்துள்ளது. அப்போத்தலின் உள்ளடக்கத்தை மாற்றிய சட்டம் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. மனத்தைப் பயிற்றுவது பொருளுலகை மாற்றுவதற்குப் பதிலீடாகாது என்பதற்கு இதனிலுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. புத்தளத்தில் நேர்காணப்பட்டோரின் வேலையின்மையையும் உணவுப் பற்றாக்குறையையும் எந்தப் பயிற்சி வகுப்பும் நீக்கமாட்டாது. வேலையையும் உணவையும் காணியுரிமையையும் கேட்பதற்குரிய தெம்பை அது அளிக்கலாம்.

இடதுசாரிகளாகிய நாம் இதிலிருந்து கற்கவேண்டியது ஒன்றுண்டு. கூட்டங்களில் விடுதலை பற்றி உரையாற்றிவிட்டு வீட்டில் அதிகாரம் செலுத்திய தோழர்களை நாம் அறிவோம். தோல்வியின் துயரத்தைப் பேச மொழியின்றி மதுவிற் கரைந்தோரையும், கருத்து வேறுபாட்டை நேர்கொள்ளத் திறனின்றி ஆயுட்காலப் பகைமையாக்கிக் கொண்டோரையும் அறிவோம். இவற்றைத் தனிப்பட்ட பலவீனங்கள் எனத் தள்ளிவிட்டோம். உணர்ச்சியைக் குட்டிமுதலாளித்துவச் சொகுசு எனக் கருதிய இயக்கம், தன் உறுப்பினரின் உணர்ச்சிகளுக்கு ஆயத்தமின்றியே வரலாற்றை எதிர்கொண்டது.

இன்னொன்றும் கூறாது விடலாகாது. 1990இல் நிகழ்ந்ததைப் பற்றித் தமிழ் அறிவாளருட் பலர் நெடுங்காலம் மௌனம் சாதித்தனர். 2011இல் வெளியான வட மாகாண முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய மக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை, பாதிக்கப்பட்டோரின் கூற்றுக்களைப் பதிவு செய்தது. அவற்றை வாசிக்கும் தமிழ் வாசகர் உள்ளத்தில் எழவேண்டிய உணர்ச்சி எது? தமக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை உடனே எடுத்துக்கூறித் தற்காத்துக்கொள்ளும் அவசரம் நம்மிடம் உண்டு. நமது துன்பம் உண்மையானது. ஆயினும் நமது பெயரால் பிறர்க்கு இழைக்கப்பட்டதைக் கேட்கும்போது எழும் நாணத்தை விலக்காது தாங்கி நின்று, அதன் களனை ஆராய்ந்து, செய்யத்தக்கதைச் செய்வதும் ஓர் உணர்ச்சித் திறனே. அதில் நாம் இன்னும் எழுத்தறிவற்றோராகவே இருக்கிறோம்.

ஆகவே, வளர்ந்தோர்க்கு உணர்ச்சிப் பயிற்சி வேண்டும் எனக் கூறும்போது, கற்றோர் ஆசிரியராகவும் எத்தாளைக் கரையின் மீனவரும் கூலிப் பெண்களும் மாணவராகவும் அமையும் வகுப்பறையை மட்டும் கற்பனை செய்துகொள்ளலாகாது. மூன்று தசாப்தங்களாக இழப்பையும் அசைவையும் வறுமையையும் தாங்கி, அயலாரோடு வாழக் கற்று, பிள்ளைகளை வளர்த்தெடுத்த அம்மக்களிடம் இத்துறையில் நாம் கற்கவேண்டியவை பல. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்கு உரிய பாடமாக மட்டுங் கொள்ளாது, அதன் எட்டுச் சொற்களையும் கொண்டு அத்தகைய கரைகளுக்குச் சென்று, அங்குள்ளோரின் சொற்களைக் கேட்டு எழுதிவருதல் நல்லதொரு தொடக்கமாக அமையும்.